மணல் சூடான நாள்

சீடருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு நாற்பத்திரண்டு.

சீடர் பெயர் மாசானமுத்து. பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் மின்னியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறு வாரமே, திருநெல்வேலியில் ஒரு கல்லூரிக்குப் போய், பேராசிரியர் கதீஜாவிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்துகொண்டார்.

அவரைப் பிடித்து ஆட்டியது ஒரே கேள்வி. நிக்கல் தூளில் ஹைட்ரஜனை ஊறவிட்டுச் சூடாக்கினால், அணுக்கருக்கள் சத்தமில்லாமல் இணையுமா? நாம் கொடுப்பதைவிடக் கூடுதல் வெப்பம் வருமா? வராது என்பவர்களே உலகத்தில் அதிகம். வரும் என்று விடாமல் தேடுகிறவர்கள் கொஞ்சம் பேர்.

நிக்கல் காந்தத்துக்கு இழுபடும் உலோகம். அதனால் மாசானமுத்து, தூளைச் சூடாக்கும் உலையின் பக்கத்தில் ஒரு பெரிய காந்தத்தை நிறுத்திப் பார்த்தார். முந்நூறு டிகிரியில் நின்ற வெப்பம் முந்நூற்று நான்கு ஆனது. காந்தத்தை எடுத்தார். முந்நூறு. மறுபடி வைத்தார். முந்நூற்று நான்கு.

எழுபது தடவை செய்தார். எழுபது தடவையும் நான்கு டிகிரி.

கோயம்புத்தூரில் நடக்கவிருந்த மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பினார். ஏற்றுக்கொண்டார்கள். இன்னும் பன்னிரண்டு நாள். அன்று காலை, பிரதியை எடுத்துக்கொண்டு குருவின் அறைக்குள் நுழைந்தார்.

"மேடம், மூணு வருஷ உழைப்பு. நான் பாத்தது நிசந்தானா? நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

கதீஜா கட்டுரையைத் திறக்கவில்லை. எழுந்து நடைகூடத்துக்குப் போனார். அங்கே தீயணைக்க மணல் நிரப்பித் தொங்கவிட்ட சிவப்பு வாளியைக் கழற்றிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"அண்ணாச்சி, நிக்கலை எடுத்துட்டு இதைப் போடுங்க."

"மணலையா? மணலுக்கும் காந்தத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லைன்னுதான் போடச் சொல்லுதேன்."

மாசானமுத்துவுக்குச் சுருக்கென்றது. தன் உழைப்பை வாளி மணலோடு சேர்த்துவிட்டாரே! ஆனாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். சலித்தார், கழுவினார், காயவைத்தார். காந்தத்தை விட்டுத் துழாவி, அதில் ஒட்டிய கருந்துகள்களை எல்லாம் நீக்கினார். அதே எடை, அதே உலை, அதே ஹைட்ரஜன்.

மறுநாள் மதியம் முந்நூறு டிகிரி வந்தது. காந்தத்தை வைத்தார்.

முந்நூற்று ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

நாற்காலியில் உட்கார்ந்தார். மணலுக்குள்ளுமா அணுக்கரு இணைகிறது? வீட்டில் மனைவியிடம், மாநாட்டுக்கு உடுத்திக்கொண்டு போக வேட்டி சட்டைகூட எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார்.

எழுந்து காந்தத்தை மெல்ல நகர்த்தினார். உலைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, முகத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

வெப்பத்தை அளக்கும் கம்பி, உலையின் மூடியிலிருந்த குழாய்க்குள் தளர்வாக இறங்கியிருந்தது. காந்தம் நெருங்க நெருங்க, வெளியே நீட்டியிருந்த கம்பி அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. வெளியே சாய்ந்தால், உள்ளே அதன் நுனியும் இடம் மாறும். குழாயின் சூடான சுவரில் போய் ஒட்டும். ஒட்டினால் நான்கு டிகிரி கூடும்!

அந்தக் கம்பியிலும் நிக்கல் கலந்திருக்கிறது. அது காந்தத்துக்கு இழுபடும் என்று முப்பது வருஷம் பையன்களுக்குப் பாடம் நடத்தியவர் அவர்தான்.

தலையில் ஒரு அடி அடித்துக்கொண்டார். பிறகு சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை.

சத்தம் கேட்டு கதீஜா ஓடிவந்தார். மாசானமுத்து காந்தத்தை முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டினார். கம்பி தலையாட்டியது.

"யா அல்லாஹ்!" என்று கதீஜா கைதட்டினார். "எனக்கு இது தோணவே இல்லை அண்ணாச்சி! எங்கயோ தப்பு இருக்கலாம்னு மட்டுந்தான் நினைச்சேன். பிடிச்சுட்டீங்களே!"

"மாநாட்டுக்கு வரலைன்னு எழுதிருதேன் மேடம்."

"எதுக்கு? தலைப்பை மட்டும் மாத்துங்க."

மாசானமுத்து போனார். எடுத்து வைத்த அதே வேட்டி சட்டையில் மேடை ஏறி, வாளி மணல் சூடான கதையைச் சொன்னார். அரங்கம் குலுங்கிச் சிரித்தது; அவரும் சேர்ந்து சிரித்தார். இறங்கி வந்தபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நாங்களும் அதே கம்பியைத்தான் வச்சிருக்கோம். இப்பவே ஊருக்குப் போன் போட்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லிட்டேன்."

ஊருக்குத் திரும்பும் ரயிலில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மறுநாள் காலை, காந்தத்துக்கு அசையாத புதுக் கம்பியை உலையில் பொருத்தினார். நிக்கல் தூளை மறுபடி நிரப்பினார். கதீஜா பக்கத்தில் நின்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். அந்த நாலு டிகிரியும் பொய்யாப் போச்சு. அப்போ காந்தம் நிக்கலை ஒண்ணும் செய்யாதுன்னு எழுதிரலாம்லா?"

கதீஜா சுவிட்சைப் போட்டார்.

"இத்தனை நாளும் பேசினது கம்பி, அண்ணாச்சி. நிக்கல் இன்னும் வாயே திறக்கலை."