சாட்சிக் குழி

வெள்ளாங்கோட்டை நகராட்சி தன் கடைவீதியைத் தோண்டிப் போட்டது. பாதாளச் சாக்கடை பதித்து, மேலே சிமெண்ட் சாலை போடப்போவதாகப் பலகை வைத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதுவரை பேருந்தும் லாரியும் எங்கே போகும்? பக்கத்து ஊரான புதுச்சாவடியின் குளத்துக்கரைச் சாலை வழியாகத் திருப்பிவிட்டார்கள்.

அந்தச் சாலை சைக்கிளுக்கும் மினிபஸ்ஸுக்கும் போட்ட சாலை. ஜல்லி லாரி ஏறியதும் முதல் மழைக்கே வாயைப் பிளந்துவிட்டது. கொஞ்ச நாளில் வேலை முடிந்துவிடும் என்றார்கள். அடுத்த ஐப்பசியும் வந்துவிட்டது. கடைவீதியில் குழாய்கள்தான் வரிசையாகக் கிடந்தன.

இரண்டு நகராட்சியும் பேச உட்கார்ந்தன.

"உங்க வண்டிங்க ஓடி உடைச்ச ரோட்டை நீங்கதான் போட்டுத் தரணும்" என்றது புதுச்சாவடி.

"அது முன்னாடியே உடைஞ்ச ரோடுல்லா" என்றது வெள்ளாங்கோட்டை.

இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. அதனால் பேச்சு முடியவே இல்லை.

அப்போதுதான் புதுச்சாவடியின் பொறியாளர் கோமதிநாயகம் ஒரு யோசனை சொன்னார். இரண்டு ஊர் அதிகாரிகளும் சேர்ந்து நடந்துபோய்ப் பார்க்க வேண்டியது. பழைய குழியைச் சுற்றி மஞ்சள் வட்டம், லாரி உடைத்த புதுக் குழியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். செலவு யாருடையது என்று முடிவாகும்வரை எந்தக் குழியையும் யாரும் மூடக்கூடாது. மூடினால் சாட்சி போய்விடும் அல்லவா?

எல்லாருக்கும் பிடித்துப்போனது. கையெழுத்துப் போட்டார்கள். கோமதிநாயகம் அன்றைக்கு வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனார்.

இரண்டு ஊருக்கும் எல்லையில், பழைய நெல் குடோன் ஒன்றில், வேலாயுதச் சாமி இருந்தார். முன்னால் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஒருநாள் பையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து இங்கே உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் இரண்டு ஊரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். "உள்ள போங்க, உள்ள போங்க, பின்னால ஆள் நிக்காங்க" என்று பாயில் நகரச் சொல்வார். அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடரான கோமதிநாயகம் ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தார். அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்றும், சீடர் குருவைச் சாமி என்றும் கூப்பிட்டார்கள்.

"சாமி, நியாயம் எங்க பக்கம் இருக்கு. ஆனா நிரூபிக்க முடியல. என்ன செய்யட்டும்?" என்று கோமதிநாயகம் ஒருநாள் கேட்டார்.

சாமி எழுந்தார். மூலையில் கிடந்த உடைந்த செங்கலை ஒரு கூடையில் அள்ளினார். தூக்கிக்கொண்டு குளத்துக்கரை வளைவுக்கு நடந்தார். அங்கேதான் இருப்பதிலேயே பெரிய குழி இருந்தது. அதைச் சுற்றி மஞ்சள் வட்டமும் உண்டு, சிவப்பு வட்டமும் உண்டு. இரண்டு ஊரும் விட்டுக்கொடுக்காத குழி அது.

கோமதிநாயகம் பின்னாலேயே ஓடினார்.

"சாமி, அதைத் தொடாதீங்க. அது சாட்சி."

"யாருக்கு?"

"எங்க ஊருக்கு."

"இந்த வழியா வாறவனுக்கு?"

"கொஞ்ச நாள்தானே சாமி. பொறுத்துக்கிட வேண்டியதுதான்."

சாமி கூடையை இறக்கி வைத்தார். கரையில் நின்ற பூவரச மரத்தில் ஒரு கொப்பை ஒடித்து, குழிக்கு நடுவில் ஊன்றினார். தூரத்திலிருந்தே தெரிந்தது.

"இது சாட்சியைக் கெடுக்குமா அண்ணாச்சி?"

"கெடுக்காது சாமி."

சாமி திரும்பி நடந்தார். கோமதிநாயகத்துக்கு அப்பாடா என்று இருந்தது. குரு சொன்னதும் ஆயிற்று, ஊர்க் காரியமும் கெடவில்லை.

மறுவாரம் மறுபடியும் கூட்டாய்வு. மழையில் வட்டங்கள் கரைந்துபோனதால் திரும்பப் போட வந்திருந்தார்கள். வளைவுக் குழிக்கு வந்ததும் வெள்ளாங்கோட்டைப் பொறியாளர் ஞானதுரை டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கொப்பை வச்சிக்கிட்டு எப்படி சார் அளக்க?"

நியாயமான கேள்வி. கோமதிநாயகமே குனிந்து கொப்பைப் பிடுங்கிக் கரையில் போட்டார். அளந்தார்கள். நீளம் ஒத்துப்போனது, அகலம் ஒத்துப்போனது, நிறம் ஒத்துப்போகவில்லை. மஞ்சள் என்றார் ஞானதுரை. சிவப்பு என்றார் கோமதிநாயகம். குரல் ஏறியது. இரண்டு பேரும் இரண்டு ஜீப்பில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார்கள்.

கொப்பு கரையிலேயே கிடந்தது.

அன்று சாயங்காலம் நல்ல மழை. குழியும் சாலையும் ஒரே தண்ணீராகத் தெரிந்தன. அரிசி ஆலை வேலை முடிந்து மொபெட்டில் வந்த இசக்கியப்பன் வளைவில் திரும்பினான். அவனுக்குப் பின்னால் ஒரு லாரி வந்தது. அவ்வளவுதான்.

ஆலை விட்டால் நேரே வீட்டுக்கு வருகிறவன். பெண்டாட்டி பேராச்சி அடுப்பில் உலை வைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தாளாம்.

மறுநாள் காலையில் இரண்டு ஊர் அதிகாரிகளும் வளைவுக்கு வந்தார்கள். வந்தவர்கள் பேசியது இதுதான். அவன் விழுந்தது மஞ்சள் குழியிலா, சிவப்புக் குழியிலா? மஞ்சள் என்றால் புதுச்சாவடி பதில் சொல்ல வேண்டும். சிவப்பு என்றால் வெள்ளாங்கோட்டை. முன்சக்கரம் எந்த ஓரத்தில் இறங்கியிருக்கும் என்று ஒருவர் காலை வைத்துக் காட்டினார்.

கரையில் கிடந்த கொப்பின் இலைகள் இன்னும் வாடவில்லை. அதைப் பார்க்காமல் இருக்கக் கோமதிநாயகம் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் குடோனில் அவர் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். எல்லாரும் போன பிறகு வாயைத் திறந்தார்.

"சாமி, கொப்பைப் பிடுங்கினது நான்தான். திரும்ப நட மறந்துட்டேன்."

சாமி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடுத்த கூட்டத்துல இதைச் சொன்னா, குத்தம் எங்க ஊர் தலையில விழும். ரோடு வராது. அந்தப் பொண்ணுக்கும் ஒண்ணும் கிடைக்காது. சொல்லாம இருந்தா ரோடு வந்தாலும் வரும். நான் என்ன செய்யட்டும்?"

"என்கிட்ட ஏன் கேக்கீங்க?" என்றார் சாமி. துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "வாங்க."

பேராச்சியின் வீடு அரிசி ஆலைக்குப் பின்னால் இருந்தது. சாவுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மகள், பள்ளிக்கூடச் சீருடையின் பாவாடையை மட்டும் மாற்றாமல், சுருண்டு படுத்திருந்தாள்.

சாமி வாசலோடு நின்றுகொண்டார். கோமதிநாயகம் உள்ளே போய், நின்றபடியே சொன்னார்.

"அம்மா, குழியில ஒரு கொப்பு நட்டிருந்தது. அளக்கணும்னு நான்தான் பிடுங்கினேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"திருப்பி நடலையா?"

"மறந்துட்டேம்மா."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவள் வேறொன்றைக் கேட்டாள்.

"இப்ப மூடிட்டாங்களா?"

"எதை?"

"குழியை."

"இல்லம்மா. இப்ப கேஸும் ஆகிப்போச்சு. யாரும் தொடக்கூடாதுங்காங்க."

"திங்கக்கிழமை பரிச்சை. எம்மவ சைக்கிள்ள அந்த ரோட்டுலதான் போவா" என்றாள் பேராச்சி. "கடைவீதிப் பக்கம் தோண்டிப் போட்டிருக்கு. எங்களுக்கு வேற வழி இல்ல."

பிறகு அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிற சத்தம் கூட வரவில்லை. சாமிதான் வந்து கோமதிநாயகத்தின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் கோமதிநாயகம் வளைவுக்கு வந்தார். நகராட்சி வண்டி இல்லை, ஆள் இல்லை. தன் ஸ்கூட்டரில் இரண்டு மூட்டை ஜல்லியும் கொஞ்சம் கிராவல் மண்ணும் கொண்டுவந்திருந்தார். தண்ணீரை வாளியால் இறைத்துவிட்டு, குழியை நிரப்பி, ஒரு செங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு குத்திக் குத்தி இறுக்கினார். ஒரு சாலை போடும் வேலையைக் கையால் செய்து அவருக்கு முப்பது வருஷம் ஆகியிருந்தது. உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

வேலை முடிந்தும் அவர் போகவில்லை. பூவரச மரத்தடியில் காத்திருந்தார். பள்ளிக்கூட நேரத்துக்குச் சைக்கிள்கள் வந்தன. பேராச்சியின் மகள் கடைசியாக வந்தாள். வளைவில் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு, அந்த இடத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து கடந்தாள். பிறகு ஏறிப் போனாள். சாயங்காலமும் அப்படியே திரும்பினாள். அவரும் சாயங்காலம்வரை அங்கேயேதான் இருந்தார்.

மறுநாள் கூட்டம் கூடியது. கோமதிநாயகம் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். கொப்பைப் பிடுங்கியதைச் சொன்னார். குழியை மூடியதைச் சொன்னார்.

கொப்பைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. குழியை மூடியதற்குத்தான் இரண்டு பக்கமும் கொதித்தன.

"எங்க சாட்சியை அழிச்சிட்டாரு" என்றது வெள்ளாங்கோட்டை.

"எங்க சாட்சியையும்தான்" என்றது புதுச்சாவடி.

அதன்பிறகு நடந்ததை இரண்டு ஊரும் இன்றும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கின்றன. ஒரு வார்த்தை கூடுதல் குறைச்சல் இல்லாமல், ஒரே மனதாக, டீ ஆறுவதற்குள் தீர்மானம் எழுதினார்கள். மூடிய குழியைப் பழையபடி தோண்ட வேண்டும். அளவுதான் கூட்டாய்வு அறிக்கையில் இருக்கிறதே. கோமதிநாயகத்தைப் பணியிடை நீக்கம் செய்ய வேண்டும்.

அன்று மத்தியானமே ஆள் விட்டுத் தோண்டினார்கள். அதே நீளம், அதே அகலம், அதே ஆழம். ஞானதுரை டேப்பின் ஒரு நுனியைப் பிடித்தார். மறு நுனியைப் பிடிக்கப் புதுச்சாவடியில் வேறு ஒருவர் வந்திருந்தார். சுற்றி மஞ்சள் வட்டமும் சிவப்பு வட்டமும் புதுசாகப் போட்டார்கள். வண்டிகளை நிறுத்திவைத்துத்தான் தோண்டினார்கள், யாருக்கும் அடிபடக் கூடாதே என்று.

பொழுது சாயும்போது கோமதிநாயகம் குடோனுக்கு வந்தார். சாமி விளக்குத் திரியைத் திருத்திக்கொண்டிருந்தார். வேறு யாரும் வரவில்லை.

"தோண்டிட்டாங்க சாமி."

"பாத்தேன்."

"இத்தனை மாசத்துல ஒண்ணுலகூட ஒத்துப்போகாதவங்க. இதுக்கு மட்டும் ஒத்துப்போனாங்க."

சாமி விளக்கில் எண்ணெய் ஊற்றினார்.

"என் வேலை போச்சு. அது போகட்டும். அவன் செத்தான். நான் மூடினேன். அவங்க தோண்டுனாங்க. ரோடு அப்படியேதான் கெடக்கு. நான் செஞ்சதுக்கு என்ன அர்த்தம் சாமி?" சின்னப் பிள்ளைபோல மூக்கை உறிஞ்சினார்.

சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"நேத்து அந்தப் பிள்ள பரிச்சைக்குப் போச்சா?"

"போச்சு."

"திரும்பி வந்துச்சா?"

"வந்துச்சு."

சாமி தலையை ஆட்டினார். வெளியே மறுபடி தூறல் விழ ஆரம்பித்தது. தகரக் கூரையில் அது கேட்டது. கோமதிநாயகம் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"எத்தனை தடவை மூடினாலும் தோண்டத்தான் செய்வாங்க சாமி."

"ஆமா. தோண்டுவாங்க."

"அப்போ?"

சாமி மூலையில் மிச்சம் கிடந்த உடைந்த செங்கலைப் பார்த்தார். அவர் முகத்தில் நம்பிக்கை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

"நாளைக்கும் அந்தப் பிள்ளைக்குப் பரிச்சை இருக்கு அண்ணாச்சி" என்றார்.