விகடரின் குடும்பம் சரக்கான கதை

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டின் அரசவையில் கூத்தபிரான் என்றொரு விகடர் இருந்தார். தமக்கு எவரேனும் தீங்கு செய்தால், முதல் வேலையாக அவருக்குக் கைகூப்பி நன்றி சொல்வது அவர் வழக்கம். அந்த நன்றியைப் பெற்றவர்களுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. மன்னரிடம் வசை வாங்கினாலும் வாங்கலாம், விகடரிடம் நன்றி வாங்கக் கூடாது என்று அரசவையில் பேசிக்கொள்வார்கள்.

ஒருநாள் உமி மூட்டை ஏற்றிச் சென்ற ஒரு வண்டியின் கடகடப்பு, மன்னரின் பகல் தூக்கத்தைக் கலைத்துவிட்டது. மழை பொய்த்தபோதும் எல்லையில் பகைவர் வந்தபோதும் கலையாத தூக்கம் அது. சினத்தோடு எழுந்த மன்னர், "இனிப் பார வண்டி எதுவும் ராஜவீதியில் நுழையலாகாது. பாரத்தைக் கோட்டை வாசல் சுங்கச் சாவடியில் ஒப்படைத்துவிட்டுச் சுற்றிப் போகட்டும். சவாரி வண்டிக்கு மட்டுமே வழி!" என்று ஆணையிட்டார்.

எது பாரம், எது சவாரி என்று வகுக்கும் பொறுப்பு சுங்கத் தலைவர் தில்லைநாயகத்திடம் வந்தது. இழுக்கிற மாட்டுக்கே தெரிந்த வேறுபாட்டை அவர் ஒரு மாதம் ஆராய்ந்தார். "இருக்கைப் பலகையும் பக்கச் சாளரமும் உடையது சவாரி வண்டி. அவை இல்லாதது பார வண்டி, அதனுள் இருப்பவை யாவும் பாரம்" என்று பறையறைவித்தார். அவருடைய வில்வண்டியில் இரண்டும் இருந்தது தற்செயல். கூத்தபிரானின் கூண்டு வண்டியில் இரண்டுமே இல்லாதது அவ்வளவு தற்செயல் அன்று. சில நாள் முன்புதான் விகடர் அரசவையில் ஒரு குறட்டையை நடித்துக்காட்டினார். அது தம்முடையது என்று தெரியாமல் தில்லைநாயகமே எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்துத் தொலைத்திருந்தார்.

அந்த வாரமே கூத்தபிரான், மகள் செண்பகவடிவுக்கு வளைகாப்பு முடித்து, பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு அழைத்துவந்தார். வைக்கோல் பரப்பி, ஜமுக்காளம் விரித்து, சாய்ந்துகொள்ளத் திண்டும் வைத்த வண்டி. உள்ளே மகள், மனைவி உலகம்மை, ஒரு வாழைத்தார், பலகாரக் கூடைகள். வீடு ராஜவீதியின் மறுகோடியில் இருந்தது.

கோட்டை வாசலில் தில்லைநாயகம் கையை நீட்டி மறித்தார்.

"விகடரே, பலகை எங்கே? சாளரம் எங்கே? இது பார வண்டி. ராஜவீதியில் விட இயலாது."

"உள்ளே என் மகள் இருக்கிறாள், ஐயா. நிறைமாதம்."

"சட்டத்துக்கு மாதக் கணக்கு தெரியாது. வண்டி கற்பாதை வழியே சுற்றிப் போகட்டும். இல்லையேல் மகளை நடத்திக் கூட்டிச் செல்லும்."

கற்பாதையின் குலுக்கலை நினைத்ததும் கூத்தபிரானின் நெஞ்சு பதறியது. மகளோ ஏற்கெனவே இடுப்பில் கைவைத்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். ஆனாலும் விகடர் முகம் மலர்ந்து, கைகூப்பினார்.

"மிக்க நன்றி, ஐயா! ஒரு ஐயம். வண்டியில் இருப்பவை யாவும் பாரம்தானே?"

நன்றி என்ற சொல் காதில் விழுந்ததும் தில்லைநாயகம் ஓரடி பின்வாங்கினார். "ஆம்."

"சாவடியில் ஒப்படைத்த பாரத்தை வந்தது வந்தபடியே காத்துத் தருவது தங்கள் கடமை?"

"ஆ... ஆம்."

"உலகம்மை, இறங்கு. உங்கள் இருவரையும் ஐயா சரக்காகத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார்."

உலகம்மை மகளைக் கைத்தாங்கலாக இறக்கி, சாவடியில் இருந்த ஒரே மெத்தை ஆசனத்தில், அதாவது தில்லைநாயகத்தின் ஆசனத்தில், அமர்த்தினாள்.

"அம்மணி, அது என் இருக்கை!"

"தரையில் போட்டால் சரக்கு நசுங்கிவிடாதா? விசிறி எங்கே? சரக்குக்குப் புழுக்கம் ஆகாது."

மனிதர்கள் என்று ஒப்புக்கொண்டால் வண்டி சவாரி வண்டியாகிவிடும். சரக்கு என்று சாதித்தால் விசிற வேண்டும். சுங்கத் தலைவர் பெருமையைக் காப்பாற்றிக்கொண்டு விசிறினார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது.

கூத்தபிரான் பணிவோடு நெருங்கினார். "ஐயா, ஒப்படைத்தவை இரண்டு உருப்படி. விடிவதற்குள் மூன்றானால், அந்த மூன்றாவது சுங்கம் கட்டாமல் எந்த வழியாக உள்ளே வந்தது என்று மன்னர் வினவுவாரே?"

தில்லைநாயகத்தின் கையிலிருந்து விசிறி நழுவியது. அந்நேரம் பார்த்து, கூச்சலால் தூக்கம் கலைந்த மன்னரே அங்கு வந்து சேர்ந்தார்.

"என்ன இங்கே ஆரவாரம்?"

"சரக்கு, மகாராஜா," என்றார் தில்லைநாயகம். "அதாவது... பெண்கள். வந்தது சரக்காகத்தான்..."

"முட்டாளே! பெண்களைச் சரக்காக்கியவன் எவன்?"

"தங்கள் ஆணைக்குச் சுங்கத் தலைவர் அருளிய விளக்கம், அரசே. ஒரு மாத உழைப்பு," என்று கூத்தபிரான் விநயமாகச் சொல்லி, நடந்ததை விவரித்தார்.

மன்னர் விலா நோகச் சிரித்தார். மனிதர் ஏறினால் அது சவாரி வண்டி என்று ஒரே மூச்சில் ஆணையைத் திருத்தினார். சுங்கத் தலைவருக்கு ஒரு மாதம் பிடித்த வேலை அது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி விகடருக்கு அணிவித்து, மறுபடியும் தூங்கப் போனார்.

கூட்டம் கலைந்தது. தில்லைநாயகம் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி செண்பகவடிவின் முன்னே வந்து நின்றார்.

"தாயே, உன் தகப்பனார் மேல் இருந்த கோபத்தை உன் மேல் காட்டிவிட்டேன். பொறுத்துக்கொள். என் வில்வண்டியில் போய் இறங்கம்மா."

அவள் அந்த வண்டியை எட்டிப் பார்த்தாள். "அந்தப் பலகையில் என்னால் உட்கார முடியாது, ஐயா. எனக்கு எங்கள் வைக்கோலே போதும்."

தில்லைநாயகம் தாமே கூண்டு வண்டி மாடுகளின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, ராஜவீதியில் அவற்றை மெல்ல நடத்தினார். வழியில் கல் தென்பட்ட இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்தி, குனிந்து பொறுக்கித் தம் தலைப்பாகையில் போட்டுக்கொண்டார்.