வேப்பங்கொட்டைக்கு ஒரு கூடு

குளக்கரையில் பூவரசும் அத்தியும் கிளையோடு கிளை உரசி நின்றன. அங்கே சிகப்பி என்ற தையல்சிட்டு தன் முதல் கூட்டைத் தைத்துக்கொண்டிருந்தது. அலகுதான் அதற்கு ஊசி. இலைதான் துணி. விடிந்தால் முட்டை இட்டாக வேண்டும்.

பூவரசந் தளிரை மடித்து, நெருக்கி நெருக்கிச் சிலந்தி நூலால் தையல் போட்டது. பார்க்க அவ்வளவு அழகு.

"அடேயப்பா, பட்டுப்பை மாதிரி இருக்கே!" என்றது மரத்தடி அணில் குண்டான்.

"பிறகென்ன, உள்ளே போய் உட்காரு," என்றது சிகப்பியின் புருஷன் மாணிக்கம்.

"பொறுங்க. முதல்ல வேப்பங்கொட்டையைப் போட்டுப் பார்ப்போம். அதுவும் நம்ம முட்டை அளவுதானே."

குண்டான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "கொட்டைக்கு வீடு கட்டுற பறவையை இப்பத்தான் பார்க்கிறேன்."

கொட்டைகள் உள்ளே போயின. லேசாகத்தான் காற்று வந்தது. தையல் போட்ட வழியே இலை சர்ரென்று கிழிந்தது. கொட்டைகள் பொலபொலவென்று குண்டானின் தலையில் விழுந்தன.

"ஐயோ, என் மண்டை!"

சிகப்பி கிழிசலை உற்றுப் பார்த்தது. "இலை ரொம்ப இளசு. ஓட்டையும் நெருக்கமாப் போச்சு."

அடுத்து, முற்றிய அத்தி இலையில் இடம் விட்டு விட்டுத் தைத்தது. இந்தத் தடவை இலை கிழியவில்லை. ஆனால் நூல் நுனி ஓட்டை வழியாக நழுவி வந்துவிட்டது. மறுபடியும் குண்டான் தலைதான்.

மாணிக்கத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. "பொழுது சாயுது. நீ இன்னும் வெள்ளோட்டம் விட்டுக்கிட்டு இருக்கே. வயித்துல இருக்கிறது காத்திருக்குமா?"

"விழுந்தது கொட்டை. அதனால பேசிக்கிட்டு நிக்கிறோம். முட்டையா இருந்தா இந்நேரம் அழுதுக்கிட்டு இருப்போம். போய் இலவம்பஞ்சு கொண்டாங்க."

மாணிக்கம் பறந்து போய்ப் பஞ்சு கொண்டுவந்தது. சிகப்பி அதைத் திரித்து நூலாக்கி, அதே அத்தி இலையைத் தைத்தது. ஒவ்வொரு நுனியையும் இலைக்கு வெளியே குஞ்சம்போல் உப்பவிட்டது. இனி நூல் நழுவாது. கொட்டைகளைப் போட்டார்கள். இரண்டு பேரும் கிளையில் தொங்கி ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்கள். ஒன்றும் விழவில்லை.

கொட்டைகளை எடுத்துவிட்டுப் பஞ்சு விரித்தார்கள். விடியலில் முதல் முட்டை. அடுத்தடுத்த நாளில் இன்னும் இரண்டு.

அப்புறம் ஒரு மத்தியானம் மழையோடு பேய்க்காற்று அடித்தது. இரை தேடப் போன இரண்டு சிட்டுகளும் பதறியடித்துத் திரும்பின. பூவரசு பாதியாய் முறிந்து கிடந்தது. சிகப்பி அத்திக் கிளையில் ஆடிய கூட்டுக்குள் தலையை விட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் பத்திரம். அதற்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

கீழே பார்த்தால் குண்டான், நனைந்த வாலோடு இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நிற்கிறது.

"என்ன அண்ணே, அங்கே என்ன பண்றீங்க?"

"விழுந்தா பிடிக்கலாம்னு நின்னேன், தாயி. வழக்கமா என் தலையிலதானே விழும்? இன்னைக்கு ஒண்ணுமே விழலை," என்று சொல்லிவிட்டு அப்படியே பொத்தென்று உட்கார்ந்தது.

போனால் திரும்பாத பொருளை ஒப்படைக்கும் முன்னே, போனாலும் பரவாயில்லாத ஒன்றை வைத்துச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.