மடத்துப் புல்டோசர்

தென்காசிப் பக்கம், ஒரு கரட்டின் அடிவாரத்தில் மடம் ஒன்று இருந்தது. மடம் என்றதும் கோபுரத்தையும் மதிலையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு வேய்ந்த ஒரு கூடம், குளக்கரையில் மண்சுவர் வைத்த ஒரு குடிசை, பின்னால் புளியந்தோப்பு. அவ்வளவுதான். குளமும் தூர்ந்துபோய்க் கிடந்தது.

மடத்தின் தலைவி தையல்நாயகி அம்மை. அவருக்கு வயது நாற்பதைத் தாண்டவில்லை. அவருடைய சீடர் பரஞ்சோதிக்கோ அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது.

பரஞ்சோதி காலமெல்லாம் லாரி ஓட்டியவர். ஒரு நாள் லாரியை விட்டார். பிறகு பீடியை விட்டார். பிறகு வீட்டையும் விட்டார். மனைவி பேச்சியம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

தேடிக் கண்டுபிடித்த பேச்சியம்மாள் சண்டை போடவில்லை. பௌர்ணமிதோறும் ஒரு தூக்குவாளியில் சோறு கொண்டுவருவாள். அம்மையின் குடிசையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். அவள் வருகிறாள் என்று தெரிந்தால் பரஞ்சோதி புளியந்தோப்புக்குள் போய்விடுவார். பார்த்தால் பற்று ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் எண்ணம். அதை அறிந்த பேச்சியம்மாளும், தன்னால் அவர் தவம் கெட வேண்டாம் என்று, குடிசைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் உட்காருவாள்.

ஒரு நாள் காலையில் பரஞ்சோதி அம்மையின் முன் வந்து நின்றார்.

"அம்மா, எனக்கு எப்போது காவி தருவீர்கள்?"

"இப்போது ஏன் கேட்கிறீர்?"

"விட வேண்டியதையெல்லாம் விட்டுவிட்டேன். இனி விடுவதற்கு ஒன்றும் இல்லை."

"மனம் அடங்கிவிட்டதா?"

பரஞ்சோதி தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுதான் இல்லை, அம்மா. எல்லாவற்றையும் விட்ட பிறகு முன்னைவிட வேகமாக ஓடுகிறது. காவி கட்டினால் அடங்கும் என்று நினைக்கிறேன். கார்த்திகைக்குள் நீங்கள் தராவிட்டால், எதற்காக வந்தேன் என்றே எனக்குத் தெரியாமல் போய்விடும்."

அம்மை குளத்தைப் பார்த்தார்.

"ஐப்பசி மழைக்கு முன் இதைத் தூர் வார வேண்டும். ஊரார் கூடி ஒரு பழைய புல்டோசரை வாங்கி வந்திருக்கிறார்கள். இறக்கிய இடத்திலேயே நிற்கிறது. அதை ஓட வையும். ஓட்டிவிட்டு வந்து கேளும். சொல்கிறேன்."

பரஞ்சோதிக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. இதுவா பரீட்சை! டீசல் வாசனையில் பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு இதுவா பரீட்சை!

அவர் சாலையோரம் போனார். புல்டோசர் துருவேறி, காட்டெருமை படுத்திருப்பதுபோலக் கிடந்தது. அதை ஊர் சார்பில் வாங்கி வந்த சுடலையாண்டி அதன் நிழலிலேயே உட்கார்ந்திருந்தான்.

"புத்தகம் இருக்கிறதா, சுடலை? எதை இழுத்தால் எது நடக்கும் என்று போட்டிருப்பார்களே."

"புத்தகத்தை எலி தின்றுவிட்டதாம், அண்ணாச்சி."

"ஓட்டியவர்?"

"அவரை எமன் கொண்டுபோய்விட்டானாம்."

"விற்றவன் ஒன்றுமே சொல்லவில்லையா?"

"ராஜா மாதிரி ஓடும் என்றான். எந்த ராஜா என்று நான் கேட்கவில்லை."

பரஞ்சோதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். இருக்கையின் கிழிசலுக்குள் முழு நீளத்துக்கு ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. அதைக் குச்சியால் எடுத்து வெளியே போட்டார்.

"இதுவும் உங்களை மாதிரித் துறவிதான் போல, அண்ணாச்சி," என்றான் சுடலையாண்டி. "சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது."

"வாயை மூடு. அந்தச் சாவியை எடு."

"சட்டை இங்கே இருக்கிறது. பாம்பு எங்கே என்று முதலில் பாருங்கள்."

அடுத்து வந்த நாட்களில் மடத்தில் தியான மணி அடித்தபோதெல்லாம் பரஞ்சோதி இயந்திரத்தின் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். டீசல் தொட்டியைக் கழுவினார். குழாய்களை ஊதி, சிக்கியிருந்த காற்றை வெளியேற்றினார். பெரிய எஞ்சினை எழுப்புவதற்கென்றே அதன் விலாவில் ஒரு குட்டி பெட்ரோல் எஞ்சின் இருப்பதைக் கண்டுபிடித்தபோது குழந்தையைப்போலக் கூவினார். புத்தகம் இல்லாத குறையை ஞாபகத்தால் நிரப்பினார். லாரியில் இது இன்னது. ஆகையால் இதிலும் இது இன்னதாகத்தான் இருக்கும். பெரும்பாலும் அப்படியே இருந்தது. அதுதான் வினையாயிற்று. நூற்றில் தொண்ணூறு சரியாக வந்துவிட்டால், மீதிப் பத்தை யார் சோதித்துப் பார்க்கிறார்கள்?

ஒரு நாள் முற்பகலில் குட்டி எஞ்சின் வெடவெடத்துப் பற்றிக்கொண்டது. அது பெரிய எஞ்சினைப் பிடித்து உலுக்கியது. பெரியது இருமியது, செருமியது, கரும்புகையைக் கக்கியது. பிறகு தடதடவென்று உறுமத் தொடங்கியது. புளியந்தோப்புக் காக்கைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. ஊரே ஓடிவந்தது.

அம்மையும் குடிசையிலிருந்து வெளியே வந்தார்.

"ஓட்டத் தெரிந்துவிட்டதா?" என்று கேட்டார்.

"தெரிந்துவிட்டது, அம்மா!"

"நிறுத்த?"

பரஞ்சோதி சிரித்தார். "காலை எடுத்தால் நின்றுவிட்டுப் போகிறது. இதை நான் படித்தா வர வேண்டும்? இந்தக் காலுக்கே தெரியும், அம்மா."

அம்மை கூட்டத்தோடு போய் நின்றார்.

இரும்புச் சங்கிலிப் பட்டைகளுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். குளக்கரையில் ஒரு கல்லுக்குக் குங்குமம் இட்டு, அங்கே வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைப்பதென்று முடிவாயிற்று. கல்லுக்கு நேர் பின்னால், கல்லெறியும் தூரத்தில் அம்மையின் குடிசை. அதன் கதவு சாத்தியிருந்தது. அன்று பௌர்ணமி. ஓட்டும் மும்முரத்தில் பரஞ்சோதிக்கு அது நினைவே இல்லை.

அவர் கியரைப் போட்டு, லாரிப் பழக்கத்தில் வலது காலால் பெடலை மிதித்தார். புல்டோசர் நகர்ந்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. பெண்கள் குலவையிட்டார்கள். ஆனால் வண்டி ஊர்ந்தது, ஓடவில்லை. பரஞ்சோதி இன்னும் அழுத்தினார். இன்னும் மெதுவாயிற்று.

"அண்ணாச்சி! மாப்பிள்ளை ஊர்வலமா போகிறீர்கள்?" என்று சுடலையாண்டி கத்தினான். கூட்டம் சிரித்தது.

பரஞ்சோதிக்கு ரோஷம் வந்தது. வயதான எஞ்சின், அதற்கு வலு இல்லை என்று முடிவு கட்டினார். பக்கத்தில் இருந்த, எஞ்சின் வேகத்தைக் கூட்டும் கைப்பிடியைப் பிடித்து, போகும் மட்டும் தள்ளி வைத்தார். பெடலையும் விடாமல் அழுத்தினார். வண்டி முனகிக்கொண்டே குங்குமக் கல்லருகே வந்து சேர்ந்தது.

நிறுத்த வேண்டிய இடம் அது. பரஞ்சோதி காலை எடுத்தார்.

எடுத்ததுதான் தாமதம், இயந்திரம் அலறிக்கொண்டு பாய்ந்தது.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. காலை எடுத்தாயிற்றே! தெளிவாக எடுத்தாயிற்றே! பெடலில் எதுவும் சிக்கியிருக்குமோ என்று குனிந்து பார்த்தார். பெடல் காலியாக இருந்தது. காலியாக இருந்த பெடலின் மேலே அவருடைய கால் அந்தரத்தில் நின்றது. வண்டியோ குங்குமக் கல்லை மண்ணோடு மண்ணாக அமுக்கிவிட்டு முன்னே பாய்ந்துகொண்டிருந்தது.

அவர் மற்றக் காலையும் எடுத்தார். கைகளையும் எடுத்தார். இரண்டு முழங்கால்களையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, இருக்கையில் பிள்ளையைப்போலக் குறுகி உட்கார்ந்தார். அந்த வண்டியின் எந்தப் பாகத்தையும் அவர் தொடவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டார். அது முழு வேகத்தில் போயிற்று.

குடிசை எதிரே வளர்ந்தது. அப்போதுதான் வாசலில் கிடந்த செருப்பை அவர் பார்த்தார். சிறிய ஜோடி. ஒன்றில் அறுந்த வாரை நீல ஒயரால் முறுக்கிக் கட்டியிருந்தது. லாரியில் மிஞ்சிய ஒயர். எப்போதோ ஒரு நாள் அவரே கட்டிக் கொடுத்தது.

"பேச்சி!" என்று கத்தினார். "பேச்சி, வெளியே வா! ஐயோ, நிற்க மாட்டேன் என்கிறதே!"

எஞ்சின் இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. கதவு திறக்கவில்லை. அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்றுதானே அது சாத்தியிருந்தது.

பக்கவாட்டில் யாரோ ஓடிவருவது தெரிந்தது. அம்மை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வண்டிக்கு இணையாக ஓடிவந்தார். அம்மை ஓடி யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் கையால் தரையைக் காட்டிக் காட்டிக் கத்தினார்.

"மிதியும்! பரஞ்சோதி, மிதியும்!"

மிதிப்பதா? மிதித்தால் இன்னும் வேகமாகப் போகுமே! காலுக்குத் தெரிந்த அத்தனையும் மாட்டேன் என்றது. முன்னால் இருந்த இரும்புப் பலகை மண்சுவரைத் தொட்டது. சுவர் அப்பளம்போல விரிந்தது. பரஞ்சோதி கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கால்களாலும் பெடலை ஓங்கி மிதித்தார்.

அலறல் அடங்கியது. லாரியில் ஓட வைக்கும் பெடல், இதில் வேகத்தை அடக்கி வைப்பது. இயந்திரம் முக்கியது; முனகியது; பாதி இடிந்த சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஒரு முறை குலுங்கி நின்றுவிட்டது.

புழுதி மட்டும் எழுந்துகொண்டே இருந்தது. சுடலையாண்டி தேங்காயைக் கையில் பிடித்தபடியே நின்றான். கூரையிலிருந்து ஓர் ஓலை வழுக்கி விழும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

சுவரின் பிளவு வழியாகப் பரஞ்சோதி உள்ளே பார்த்தார். இரும்புப் பலகைக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கும் அளவு இடம் மிஞ்சியிருந்தது. அந்த இடத்தில், தூக்குவாளியை மார்போடு அணைத்துக்கொண்டு பேச்சியம்மாள் நின்றிருந்தாள். தலை முதல் கால் வரை செம்மண். கண்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன.

அவள் அந்த இரும்பைப் பார்த்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்து, அதன் மேலே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.

"ஏங்க," என்றாள். "பார்க்க வேண்டும் என்றால் கதவைத் தட்டியிருக்கலாமே."

பரஞ்சோதி பெடலை இன்னும் இறுக்கி மிதித்தார்.

பெண்கள் ஓடிப்போய்ப் பேச்சியம்மாளைக் கைத்தாங்கலாக வெளியே அழைத்துவந்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். அவள் குடித்தாள். பிறகு தூக்குவாளியைத் திறந்து, சோற்றில் மண் விழுந்துவிட்டதா என்று பார்த்தாள். அதைப் பார்த்த பிறகே அழுதாள்.

பரஞ்சோதி இறங்கவில்லை. எஞ்சின் அணைந்து வெகு நேரம் ஆகியும் அவருடைய இரண்டு கால்களும் பெடலை மிதித்தபடியே இருந்தன. எடுக்க அவருக்குப் பயமாக இருந்தது.

அம்மை இயந்திரத்தின் அருகே வந்து நின்றார். அவருக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"இறங்கும்."

"காலை எடுத்தால் மறுபடியும் ஓடுமோ, அம்மா?"

"எஞ்சின் அணைந்துவிட்டது. ஓடாது."

அவர் இறங்கி, சங்கிலிப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே அம்மையின் குடிசை பாதியாக நின்றது. உள்ளே இருந்த சிறிய விளக்கும் ஒரே ஒரு பாயும் ஊர் முழுக்கத் தெரிய வெளிச்சத்தில் கிடந்தன.

"இந்த வண்டியைப் பற்றி உங்களுக்கு முன்பே தெரியுமா, அம்மா?"

"தெரியாது."

"பிறகு எப்படி மிதிக்கச் சொன்னீர்கள்?"

"எடுத்துப் பார்த்தாயிற்று. மீதி இருந்தது அது ஒன்றுதான்."

பரஞ்சோதி தம் பாதங்களைக் குனிந்து பார்த்தார். காவியைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற நினைவுகூட இல்லை. சற்றுத் தள்ளி, மரத்தடியில் பேச்சியம்மாள் சோற்றின் மேல்பரப்பை விரலால் வழித்து எடுத்துக்கொண்டிருந்தாள். அடிச்சோறு சுத்தமாக இருக்கும் போலிருந்தது.

"அம்மா," என்றார் அவர். "நான் காலை எடுத்துவிட்டேன். கையையும் எடுத்துவிட்டேன். எதையுமே தொடவில்லை. ஆனாலும் அது நிற்கவில்லை. நான் விட விட, அது அவள் மேலேயே போயிற்று."

"ஆமாம்," என்றார் அம்மை. "நீர் இங்கே வந்த நாள் முதல் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."