இத்தாலிக் கப்பும் பெரிய ஸ்பேனரும்

ஒரு காலத்தில், கப்பலில் வந்த பழைய இரும்போடு பழைய இரும்பாக ஓர் இத்தாலி ரேஸ் சைக்கிள் தூத்துக்குடியில் வந்து இறங்கியது. சைக்கிள் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். சக்கரம் இல்லை, சீட் இல்லை, செயின் இல்லை. நீலப் பெயின்ட் உரிந்த ஃபிரேமும், அதன் அடிவயிற்றில் துருவேறிக் கிடந்த பெடல் அச்சும்தான் மிச்சம்.

இரும்புக்கடையில் அதைப் பார்த்த அமலிக்குக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. பேரம் பேசி வாங்கி, தோளில் மாட்டிக்கொண்டு நேராகக் கணவனின் சைக்கிள் கடைக்கு வந்துவிட்டாள்.

"இத ஓட்டுற மாதிரி ஆக்கித் தாங்க. பீச் ரோட்டுல நான் ஒரு நாளாவது இதுல போவணும்."

ஜெரோம் அதை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தான். "ஏ அமலி, இது இரும்பா முருங்கக்காயா? இம்புட்டு லேசா இருக்கு!" என்று சிரித்தான். சிரித்தாலும் அவனுக்கும் ஆசை வந்துவிட்டது. பட்டறை மேசை மேல் அதைப் படுக்க வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

அவன் தலை மறைந்ததுதான் தாமதம், கடையிலுள்ள சாமான்களெல்லாம் புதிதாக வந்த ஃபிரேமைச் சூழ்ந்துகொண்டன.

"உனக்கு ஏன் கேரியர் இல்லை? அரிசி மூட்டையை எங்கே வைப்பார்கள்?" என்று கேட்டது காற்றடிக்கும் பம்பு.

"நான் மூட்டை ஏற்றியதில்லை. மலை ஏறியிருக்கிறேன்," என்றது ஃபிரேம்.

"மலைமேல் என்ன விற்கிறார்கள்?"

"ஒன்றும் விற்பதில்லை. ஏறுவோம், பிறகு இறங்குவோம்."

சாமான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒரு வேலையும் இல்லாமல் மலை ஏறி இறங்கும் சைக்கிளை அவை கண்டதில்லை. மேலும் கேட்க ஆயிரம் கேள்வி இருந்தது. ஆனால் பெரிய ஸ்பேனர் தொண்டையைக் கனைத்தது; எல்லாம் அடங்கிவிட்டன.

பெரிய ஸ்பேனருக்கு அந்தக் கடையில் அவ்வளவு மரியாதை. பெடல் அச்சை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்க ஃபிரேமுக்குள் திருகியிருக்கும், கிண்ணம் போன்ற கப் இருக்கிறதே, அதைக் கழற்றுவதுதான் அதன் வேலை. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. இடப்பக்கக் கப் மற்றத் திருகுகளைப் போல இடப்புறம் திருப்பினால் கழலும். செயின் பக்கக் கப்பின் மரை, அதாவது திருகு வரி, மட்டும் எதிர்ப்புறம் சுற்றும் ரிவர்ஸ் மரை. வலப்புறம் திருப்ப வேண்டும். இது தெரியாமல் திணறுபவர்களைப் பார்த்து ஸ்பேனர் உள்ளுக்குள் சிரித்துக்கொள்ளும். தனக்குத் தெரியாத கப் இந்த உலகத்தில் இல்லை என்று அது நம்பியிருந்தது.

ஜெரோம் வந்து வேலையைத் தொடங்கினான். இடப்பக்கக் கப் சமர்த்தாகக் கழன்றது. அச்சு வெளியே வந்தது. செயின் பக்கக் கப்பில் ஸ்பேனரை மாட்டி வலப்புறம் அழுத்தினான். அசையவில்லை. ஸ்பேனரின் வாலில் நீளக் குழாயைச் செருகி அழுத்தினான். சுத்தியலால் தட்டினான். மறுநாளும் அதே கதைதான்.

"வாயைத் திற!" என்று கத்தியது ஸ்பேனர். கப் ஒரு வார்த்தை பேசவில்லை.

"வெளிநாட்டுத் திமிர்," என்றது சுத்தியல்.

"திமிரேதான்," என்றது ஸ்பேனர்.

ஜெரோம் மண்ணெண்ணெயை ஊற்றி ஊற வைத்தான். மண்ணெண்ணெய்க்கு யார் வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழைந்து பார்க்கும் குணம். மரை வழியே உள்ளே போய், சுற்றிப் பார்த்துவிட்டு, அடியிலிருந்த தட்டில் சொட்டாக விழுந்தது.

"அண்ணே, ஒரு சந்தேகம்," என்றது ஸ்பேனரிடம். "நம்ம ஊர்க் கப்புக்குள் இந்தப் பக்கம் நுழைந்தால் மரை என்னை இடப்புறமாகச் சுற்றிக் கூட்டிப்போகும். இது வலப்புறமாகக் கூட்டிப்போனது. ஏன் அப்படி?"

"உனக்குத் தலை சுற்றியிருக்கும்," என்றது ஸ்பேனர். மற்றவை சிரித்தன. ஸ்பேனரும் சிரித்தது. ஆனால் அதன்பிறகு அதற்கு நிம்மதி இல்லை. அப்படியும் ஒரு கப் இருக்குமோ? இருந்தால், இத்தனை நேரம் தான் என்ன செய்துகொண்டிருந்தோம்?

மறுநாள் ஜெரோம் கப்பை அறுத்தே எடுத்துவிட, ஆணியில் தொங்கிய இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடை எடுத்து மேசையில் வைத்தான். அது பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

"அறுத்தா ஃபிரேமுக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?" என்று கேட்டாள் அமலி.

"உள்ள இருக்க மரையும் சேந்து போவும். அப்புறம் இதுல அச்சு நிக்காது. பழைய இரும்புக்குத்தான் போடணும்."

அமலியின் முகம் வாடிவிட்டது. "கடைசியா ஒரு தடவ பாருங்களேன்."

அவளுக்காக ஜெரோம் இன்னொரு முறை குழாயை மாட்டி, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து வலப்புறம் அழுத்தினான். கப் அசையவில்லை. ஸ்பேனர்தான் அதில் இறுகி மாட்டிக்கொண்டது.

"சனியன், வரமாட்டேங்கு," என்று அதைப் பிடுங்குவதற்காக எதிர்ப்புறம் ஓங்கி இழுத்தான்.

இப்படி இழுக்கும்போது ஸ்பேனர் வழக்கமாகக் கப்பை விட்டு வெளியே வந்துவிடும். அன்று அதற்குப் பயமாக இருந்தது. இந்தப் பக்கம் கப் கழன்றுவிட்டால் இத்தனை காலத்துப் பெருமை என்னாவது? கழலாவிட்டால் பக்கத்தில் பிளேடு காத்திருக்கிறது. ஸ்பேனர் பிடியை விடவில்லை. இருந்த பலத்தையெல்லாம் கூட்டிப் பிடித்துக்கொண்டது.

டக்கென்று ஒரு சத்தம். கப் இடப்புறமாகச் சுழன்றது.

ஜெரோமுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "எம்மாடி! இந்த இத்தாலி சைக்கிளுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மரைல்லா! நானே முறுக்கி முறுக்கி இறுக்கி வச்சிருக்கேன்!"

"மூணு நாளா!" என்று அமலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இருவரும் புது அச்சு வாங்கக் கிளம்பினார்கள். தட்டில் கழன்று கிடந்த கப்பின் பக்கத்திலேயே ஸ்பேனரும் கிடந்தது. வெட்கமாக இருந்தாலும் அதற்குக் கோபமும் வந்தது.

"நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! அறுபட இருந்தாயே!"

"சொன்னேனே," என்றது கப். "நீ திருகத் திருக இறுகினேன். நீ அதைத் திமிர் என்றாய்."