மடிப்புக் கலையாத துணி

காட்டாற்றின் கரையில் ஒரு கருமந்தி காவல் இருந்தது. மரத்தின் மேல் இருந்து பார்க்கும் காவல் இல்லை. ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கும் காவல்.

முன்பு அங்கே வனத்துறை ஆட்கள் சிலர் தங்கியிருந்தார்கள். மலைமேல் ஆறு திரும்பும் இடத்தில் ஒரு கேமரா பொருத்தினார்கள். கீழே கரையில் ஒரு கொட்டகை போட்டு, கேமராவில் தெரிவதைக் காட்டும் திரையை அதில் வைத்தார்கள். பிறகு வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். கூரைமேல் வெயிலில் மின்சாரம் எடுக்கும் தகடு இருந்ததால், திரை மட்டும் பகலெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

கருமந்தியின் வேலை எளிது. மலையில் மழை பெய்தால் மேலே ஆற்றுத் தண்ணீர் முதலில் செம்மண் நிறமாகும். கொஞ்ச நேரத்தில் கீழே வெள்ளம் வந்துவிடும். திரையில் தண்ணீர் நிறம் மாறியதும் கருமந்தி "ஹூப், ஹூப்" என்று கத்தும். ஆற்றின் நடுவே மணல்திட்டில் மேயும் மான்கள் உடனே கரையேறிவிடும்.

அது செம்புழுதி பறக்கும் காடு. அதனால் தினமும் காலையில் திரையைத் துடைக்க வேண்டும். வனத்துறை ஆட்கள் விட்டுப்போன பழைய பனியன் ஒன்று இருந்தது. வாயால் ஓர் ஊது, பனியனால் ஒரு துடை. திரை தெளிந்துவிடும்.

ஒருநாள் டவுன் பக்கம் போய்வரும் வால்காக்கை கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தது.

"அக்கா, இதை வச்சா துடைக்கிறீங்க?"

"ஏன், நல்லாத்தானே துடைக்குது?"

"துடைக்குதுதான். ஆனா யாரோ போட்டுக் கிழிச்ச பனியன். காட்டுக்கே ஒரு திரை, அதுக்கு இதுவா?"

வால்காக்கை தன் அலகால் ஓர் உறையைப் பிரித்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு துணி, அழகாக மடித்து வைத்திருந்தது. மூலையில் வெள்ளி நிறத்தில் ஒரு மயில் முத்திரை.

"வெள்ளி மயில் கம்பெனி. திரைக்குன்னே நெய்தது. பனியன்ல துடைச்சா கீறல் விழும்."

"இதுவரைக்கும் விழலையே."

"கண்ணுக்குத் தெரியாத கீறல் அக்கா. அதுதான் ஆபத்து."

கண்ணுக்குத் தெரியாத கீறலைக் கருமந்தி அன்று பொழுது சாயும்வரை தேடியது. கிடைக்கவில்லை. கிடைக்காததால் பயம்தான் கூடியது. மறுநாள் வால்காக்கையைக் கூப்பிட்டு, தன் அத்திமரத்தில் அந்தப் பருவம் முழுவதும் பழுக்கும் பழத்தைக் கொடுத்து அந்தத் துணியை வாங்கிக்கொண்டது. பழைய பனியனை மலை அணிலிடம் தூக்கிக் கொடுத்தது. அணில் அதைத் தன் கூட்டில் குட்டிகளுக்கு விரித்தது.

காலையில் கருமந்தி உறையைத் திறந்தது. துணியைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனது. கை அப்படியே நின்றுவிட்டது.

ஒரு முறை துடைத்தாலே செம்மண் ஒட்டிக்கொள்ளும். ஒரு பருவத்துப் பழத்தைக் கொடுத்து வாங்கிய துணி ஆயிற்றே! இந்தக் கொஞ்சம் புழுதிக்காகவா இதை அழுக்காக்குவது?

"இன்னும் கொஞ்சம் சேரட்டும். ஒரேயடியாத் துடைச்சுக்கலாம்" என்று அது தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

புழுதி சேர்ந்தது. சேரச் சேர, துணியை எடுக்க இன்னும் மனம் வரவில்லை. இலையால் துடைக்கலாம் என்றால் கீறல் பயம். கையால் துடைக்கலாம் என்றாலும் அதே பயம். ஆனால் யாராவது கொட்டகைக்கு வந்தால் போதும், உறை வெளியே வந்துவிடும். "தொடாம பாருங்க" என்று மயில் முத்திரையைக் காட்டும். பார்த்தவர்கள் எல்லாரும் ஆகா என்றார்கள். திரையை யார் பார்த்தார்கள்?

புள்ளிமான் ஒன்றுதான் பார்த்தது. அதற்கு அப்போதுதான் ஒரு குட்டி பிறந்திருந்தது.

"அக்கா, திரை ரொம்ப மங்கலா இருக்கே. தண்ணியே செவப்பாத் தெரியுது."

"அது மேல படிஞ்ச புழுதிம்மா. எனக்குப் பழகிப்போச்சு. நல்லாத் தெரியும்."

"சரிக்கா. நீங்க பார்த்துக்கிறீங்கங்கிற தைரியத்துலதான் குட்டியத் திட்டுல படுக்கவச்சுட்டு நான் மேயப் போறேன்."

"கவலைப்படாம போ" என்றது கருமந்தி.

கொஞ்ச நாளில் ஒரு மதியம். கீழே நல்ல வெயில். திரையில் தண்ணீர் சிவப்பாக ஓடியது. நேற்றும் அப்படித்தான் ஓடியது. அதற்கு முந்தின நாளும் அப்படித்தான். அந்த அழுக்குத் திரையில் ஓடிய தண்ணீரெல்லாம் சிவப்புதான். கருமந்தி இலையை மென்றபடி பார்த்துக்கொண்டே இருந்தது. இந்த முறை அது புழுதி இல்லை, செங்கலங்கலாக வந்த வெள்ளம் என்று அதற்குத் தெரியவே இல்லை.

காதில் இரைச்சல் விழுந்த பிறகுதான் அது துள்ளி எழுந்து கத்தியது. பெரிய மான்கள் தாவிக் கரையேறின. நாணல் மறைவில் தூங்கிய குட்டியை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. தாய் கரையோரமாகவே கதறிக்கொண்டு ஓடியது. நல்லவேளையாக ஒரு நீர்மருதமரத்தின் வேரில் குட்டி சிக்கியது. தாய் வாயால் கவ்வி இழுத்துப் போட்டது. உயிர் இருந்தது. முன்னங்கால் ஒன்று முறிந்து தொங்கியது.

அந்தக் கரையில் ஒதுங்கக் கூரை இருக்கிற இடம் கொட்டகை ஒன்றுதான். புள்ளிமான் குட்டியை மெல்ல நடத்தி அங்கேயே கூட்டிக்கொண்டு வந்தது. கருமந்தி மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. நன்றாகத் திட்டு விழும் என்று எதிர்பார்த்தது.

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க" என்றது புள்ளிமான். "திரை கெட்டுப்போச்சு போல."

கருமந்தி ஒரு நொடி யோசித்தது. "ஆமாம்மா, கெட்டுப்போச்சு" என்றது. சொன்ன வாய் கூசியது.

குட்டி திரைக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. அதன் மூக்கில் மண்ணின் உப்பு வாசனை ஏறியது. மான்குட்டிக்கு உப்பைக் கண்டால் விடமுடியுமா? வலியிலும் நாக்கை நீட்டித் திரையை ஒரு நக்கு நக்கியது.

நக்கிய இடம் பளிச்சென்று ஆனது. அந்த ஒரு பட்டை வழியாக மலைமேல் ஆறு தெரிந்தது. இரண்டு கரையிலும் பச்சை மரங்கள் தெரிந்தன. நடுவில் செக்கச் செவேலென்று வெள்ளம் ஓடுவதும், அதில் ஒரு மரக்கட்டை உருண்டு வருவதும் தெரிந்தன.

"அம்மா, திரை நல்லாத்தானே இருக்கு?" என்றது குட்டி.

புள்ளிமான் திரையைப் பார்த்தது. பிறகு மேலே செருகியிருந்த உறையைப் பார்த்தது.

"அது என்னக்கா?"

"திரை துடைக்கிற துணி."

"அப்புறம் ஏன் துடைக்கல?"

கருமந்தி தலையைக் குனிந்துகொண்டது. பொய் சொல்ல இனி வழி இல்லை.

"அழுக்காயிடும்னு" என்றது.

புள்ளிமான் திரும்பிக் குட்டியின் காலை நக்க ஆரம்பித்தது. ஓங்கி ஓர் உதை கொடுத்திருந்தால்கூடக் கருமந்திக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கருமந்தி எழுந்து உறையை எடுத்தது. மடிப்புக் கலையாத துணியை உதறியது. ஒரு மூங்கில் சிம்பை வைத்து, குட்டியின் காலைச் சுற்றி அந்தத் துணியால் இறுக்கிக் கட்டியது. சேறும் ரத்தமும் பட்டு மயில் முத்திரை மறைந்துபோனது. அந்தத் துணி செய்த முதல் வேலை அதுதான். பிறகு மலை அணிலிடம் போய், பனியனில் ஒரு கிழிசலாவது கொடு என்று கேட்டு வாங்கிவந்து திரையைத் துடைத்தது.

அத்திமரத்தில் வால்காக்கை பழம் தின்றுகொண்டிருந்தது. அதைத் திட்டவும் கருமந்திக்கு வாய் வரவில்லை. துணியைப் பற்றி அது பெருமை அடித்தது உண்மைதான். துடைக்காதே என்று அது சொல்லவில்லையே.

கால் கூடியதும் கட்டை அவிழ்த்தார்கள். கருமந்தி துணியை ஆற்றில் அலசி, முதல்முறையாகத் திரையைத் துடைத்துப் பார்த்தது. நன்றாகவே துடைத்தது. பழைய பனியன் துடைத்த அளவுக்கு.

குட்டிக்கு நொண்டல் மட்டும் போகவில்லை. அது கெந்திக் கெந்தி மணல்திட்டுக்குப் போகும்போதெல்லாம் "அத்தை, போயிட்டு வரேன்" என்று கொட்டகையைப் பார்த்துக் கத்தும். கருமந்தி "சரி" என்று மட்டும் சொல்லும். சுத்தமான திரையிலிருந்து கண்ணை எடுக்காது. அந்தக் காலைப் பார்க்க அதற்குத் தைரியம் வரவே இல்லை.

வேலைக்காக வாங்கிய பொருளை அந்த வேலையைவிடப் பெரிதாக நினைத்துப் பொத்திவைத்தால், பொருள் புதிதாகவே இருக்கும், நாம்தான் தலைகுனிந்து நிற்போம்.