ஆணைப் பலகை அணைந்த கதை

கணிபுரி என்று ஒரு தேசம். அங்கே நெல் விளையாது, மென்பொருள்தான் விளையும். அரசன் கோடீசுவர வர்மனின் மென்பொருள் ஓடாத கணினி ஏழு கடலுக்குள் கிடையாது. அந்த நேரம் பார்த்து லினக்ஸ் வந்து சேர்ந்தது. ஊர் உலகத்தார் கூடி எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்ட மென்பொருள் அது. சும்மா கிடைத்தால் காசு கொடுப்பவன் யார்? அரசனுக்கு வயிறு எரிந்தது.

"அது கொள்ளைநோய்!" என்று கர்ஜித்தான். கோட்டை வாசலில் பெரிய மின்பலகை ஏறியது: 'லினக்ஸ் ஓடும் பெட்டியை எவன் எங்கே கண்டாலும் அங்கேயே அணைக்க வேண்டும். ஓட்டியவனுக்குக் கழுதை ஊர்வலம்.' பலகையில் எரியும்வரைதான் அரச ஆணை செல்லும் என்பது அந்நாட்டு வழக்கம்.

பத்து வருஷம் போயிற்று. அரசன் இப்போது கணினிகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். வருகிற வணிகர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "இதில் லினக்ஸ் ஓடுமா?" ஓடாது என்றால் அடுத்த தேசத்துக்கு நடையைக் கட்டினார்கள்.

அரசன் தன் ஆலோசகன் நல்லரங்கனைக் கூப்பிட்டான். "நாளைக்குள் நம் கணினிகளில் லினக்ஸ் ஓட வேண்டும். ஆனால் ஆணையைத் திரும்பப் பெற மாட்டேன். ராஜா சொன்னால் சொன்னதுதான்."

அமைச்சர் மார்த்தாண்டருக்கு வாயெல்லாம் பல். "ஓட்டினால் கழுதை. ஓட்டாவிட்டால் வேலை போச்சு. எது வசதி, நல்லரங்கா?"

நல்லரங்கன் கழுதையை நினைத்துப் பார்த்தான். கழுதைமேல் போனால் வேடிக்கை பார்க்க முதல் ஆளாக வந்து நிற்பவள் அவன் மாமியாராகத்தான் இருப்பாள். வாசலுக்கு வந்து பலகையை முறைத்தான். பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் சபையில் அவன் சொன்னான்: "அரசே, ஆணையைத் திரும்பப் பெற வேண்டாம். எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுவோம். நம் கோட்டையிலேயே லினக்ஸ் ஓடும் பெட்டி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன்."

"எவன் அந்தத் துரோகி? கொண்டு வாருங்கள் கழுதையை!" என்று குதித்தார் மார்த்தாண்டர்.

எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். நல்லரங்கன் பலகையின் பின்கதவைத் திறந்தான். அதை எரியவைக்கும் சின்னப் பெட்டியில் ஓடிக்கொண்டிருந்தது சாட்சாத் லினக்ஸ்!

"ஆணைப்படி அணைக்கிறேன்" என்று ஒயரைப் பிடுங்கினான். பலகை இருண்டது. ஆணையும் போயிற்று.

"இதில் லினக்ஸைப் போட்டது யார்?" என்று கேட்டான் அரசன்.

மார்த்தாண்டர் தலையைச் சொறிந்தார். "நான்தான் அரசே... சும்மா கிடைத்தது. மக்கர் பண்ணாமல் ஓடியது..."

"பயப்படாதீர்கள், அமைச்சரே. ஆணையே இல்லை. கழுதை வீட்டுக்குப் போகட்டும்" என்றான் நல்லரங்கன்.

அரசனுக்குச் சந்தோஷம், கொஞ்சம் வெட்கமும்கூட. "பலகையை மறுபடி எரியவிடு. 'லினக்ஸ்மேல் நமக்கு என்றைக்குமே பிரியம்தான்' என்று போடு" என்றவன், குரலைத் தாழ்த்தினான். "ஏனப்பா, பொய் ரொம்பப் பெரிதோ? பலகை தாங்குமா?"

"தாராளமாகத் தாங்கும், அரசே. பத்து வருஷம் தன்னையே வைத வசவை முணுமுணுக்காமல் சுமந்த பெட்டி, இந்தப் பொய்யையா சுமக்காது?"

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி நல்லரங்கன் கழுத்தில் போட்டான்.